நோயாளியின் அறையும் கழிப்பறைக் கதவும்

வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மாத்திரைகளையும் உணவையும் பற்றியவை. நாங்கள் திருப்பிக் கேட்கும் ஒரு கேள்வி அவர்களைச் சற்றே திகைக்க வைக்கும்: "உங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு?" இருபது ஆண்டுகளாக அதே வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் விடை தெரிவதில்லை. சக்கர நாற்காலியை வாங்கி வீட்டிற்குக் கொண்டுசென்று, அது கழிப்பறை வாயிலில் நுழையாமல் நின்ற பிறகுதான் அளவுநாடாவைத் தேடுகிறார்கள்.

நம் ஊர்களில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஏறக்குறைய ஒரே அமைப்பில் கட்டப்படுகிறது. ஓர் அறையோடு இணைந்த குளியலறை இருக்கும். மற்றோர் அறைக்கும் கூடத்திற்கும் பொதுவாக இன்னொன்று இருக்கும். இணைந்த குளியலறை உள்ள அறை மகனுக்கும் மருமகளுக்கும் என்பதும், பெரியவர்களுக்குக் கூடத்தை ஒட்டிய அறை என்பதும் எழுதப்படாத வழக்கம். உடல்நலம் நன்றாக இருந்தவரை இதனால் தொல்லையில்லை. பக்கவாதத்திற்குப் பிறகோ இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ நிலைமை மாறிவிடுகிறது. நீரிழிவு, புரோஸ்டேட் வீக்கம், நீர் பிரியச் செய்யும் மாத்திரை ஆகியவற்றால் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும். படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். அந்த நிலையில் அறைக்கதவைத் திறந்து, கூடத்தைக் கடந்து, விளக்குச் சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்து, இன்னொரு கதவையும் திறப்பதற்குள் கால் இடறினால், தொடை எலும்பு முறிந்து மீண்டும் இங்கேயே வர நேரிடும்.

ஆகவே எங்கள் முதல் ஆலோசனை செலவில்லாதது: அறைகளை மாற்றிக்கொள்ளுங்கள். செலவில்லாதது என்றாலும் இதுவே கடினமானதும்கூட. "பிள்ளைகளின் அறையில் போய் நான் படுப்பதா?" என்று மறுக்கும் பெரியவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராமல், மகனோ மருமகளோ தாமே முன்வந்து "நீங்கள் நன்றாக நடக்கும்வரை" என்று சொல்லி அறையை ஒழித்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது அளவு. கழிப்பறைக் கதவு இரண்டரை அடி என்று கொத்தனார் சொல்வது பெரும்பாலும் நிலையையும் சேர்த்த அளவாகும். நிலையின் இரு கால்களும், திறந்து நிற்கும் கதவின் கனமும் போக, ஆள் நுழையக் கிடைக்கும் இடைவெளி 24 முதல் 26 அங்குலமாகச் சுருங்கிவிடக்கூடும். பெரியவர்களுக்கான சாதாரண சக்கர நாற்காலியின் வெளி அகலமே 25 அங்குலத்தை ஒட்டி வரும்; சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கும் இருபுறமும் இடம் வேண்டும். கதவைச் செங்கோணத்தில் திறந்து நிறுத்தி, அதன் முகப்பிலிருந்து எதிர் நிலைக்கால் வரை அளந்து பாருங்கள். 32 அங்குலம் இருந்தால் நிம்மதி. 36 இருந்தால் மிக நன்று. ஓரிரண்டு அங்குலமே குறையும்போது சுவரை இடிக்கத் தேவையில்லை. கதவைக் கழற்றிவிட்டுக் கனமான திரை தொங்கவிடலாம். கதவு நிலையை விட்டு முழுவதும் விலகித் திறக்கும் வகைக் கீல்களைத் தச்சரிடம் கேட்டும் பொருத்தலாம். வாக்கர் பிடித்து நடப்பவர்கள் பக்கவாட்டில் திரும்பி நுழைய முயலக் கூடாது; விழுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

கதவு எப்பக்கம் திறக்கிறது என்பது அகலத்தைவிடவும் முக்கியம் என்பது எங்கள் கருத்து. நம் குளியலறைக் கதவுகளில் பெரும்பாலானவை உட்புறமாகத் திறப்பவை. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியில் இருப்பவர் பலம் கொண்டு தள்ளினால் விழுந்தவருக்கு மேலும் காயம் உண்டாகும். கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றினால் இந்த ஆபத்து நீங்குவதோடு, குறுகிய குளியலறைக்குள் திரும்புவதற்கு இடமும் கிடைக்கும். வெளியே நடைவழி மிகக் குறுகலாக இருந்தால் சறுக்குக் கதவு ஏற்றது. உட்புறத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அவசரத்தில் வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்துங்கள். தாழிட முடியாத கதவைப் பல நோயாளிகள் அவமானமாக உணர்கிறார்கள் என்பதால், தாழ்ப்பாளை வெறுமனே அகற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே, இருபுறமும் கதவு வைத்த ஒரே குளியலறை சில புதிய வீடுகளில் காணப்படுகிறது. வரைபடத்தில் அழகாகத் தோன்றும் அமைப்பு இது. அடுத்த அறையிலிருந்து வந்தவர் நோயாளியின் பக்கத்துக் கதவை உள்ளே தாழிட்டுக் குளித்துவிட்டு, தாழைத் திறக்க மறந்து தம் அறைக்குத் திரும்பிவிடுவார். இரவு இரண்டு மணிக்கு நோயாளி பூட்டிய கதவின் முன் நிற்பார். நோய்க்காலம் முடியும்வரை அடுத்த அறைப் பக்கத்துக் கதவைப் பூட்டி வைத்து, குளியலறையை நோயாளிக்கே ஒதுக்கிவிடுவது நல்லது.

படுக்கையறைக் கதவுக்கு வேறு நியாயங்கள் உண்டு. இரவில் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காக அதைத் திறந்தே வைக்கிறோம். அதனால் கூடத்தில் அமரும் விருந்தினர் பார்வை நேரே கட்டிலின் மேல் விழுகிறது. கட்டில் இருக்கும் பக்கத்தில் கீல் அமைந்தால், பாதி திறந்த கதவே மறைப்பாக நிற்கும். கட்டிலை இடம் மாற்றினாலும் இதே பயன் கிட்டும். பக்கவாதம் வந்தவருக்கு, வலுவுள்ள பக்கமாக இறங்கும்படி கட்டிலைப் போட்டு, அந்தப் பக்கம் மூன்று அடி இடம் விடுங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குப் படுக்கையிலிருந்தே கழிப்பறை கண்ணில் படுவது பெரிதும் உதவும்; சுவரிலிருந்து வேறுபட்ட நிறத்தை அக்கதவுக்குப் பூசுங்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வாயிலை நெருங்கும்போது கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதுண்டு. அது பிடிவாதம் அன்று, நோயின் இயல்பு. வாயிலுக்கு முன்னும் பின்னும் தரையில் வண்ண நாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டி அடி வைக்கச் சொன்னால் பலருக்கு நடை மீள்கிறது.

குளியலறைத் தரை ஓரிரு அங்குலம் பள்ளமாக இருப்பது நம் வழக்கம். நீர் வெளியே வராமலிருக்க அது தேவைதான். ஓர் அங்குல இறக்கத்துக்கு ஓர் அடி நீளச் சரிவு என்ற கணக்கில் சிறு சாய்தளம் அமைத்துவிட்டால் வாக்கரும் சக்கரமும் தடையின்றிச் செல்லும். துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழ முயல வேண்டாம். அது ஆளின் எடையைத் தாங்காது. கைப்பிடிக் கம்பியைச் சுவரில் ஆழமாகத் துளையிட்டுத் தனியாகப் பொருத்த வேண்டும்.

குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர் இருந்தால் ஒரு கவனம் தேவை. மருந்தின் எச்சம் பொதுவாக 48 மணி நேரம் வரை, சில மருந்துகளில் அதற்கு மேலும், சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறும். இயன்றால் அந்நாட்களில் ஒரு கழிப்பறையை அவருக்கே விட்டுவிடுங்கள். இயலாவிட்டால் மூடியைச் சாத்தி இருமுறை நீர் பாய்ச்சவும், கையுறை அணிந்து சுத்தம் செய்யவும் வேண்டும். கருவுற்ற பெண்கள் அந்தச் சுத்தம் செய்யும் வேலையில் ஈடுபட வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்போர் கதவையும் நிலையையும் தொட முடியாது என்று வருந்துவதுண்டு. இரவுக்கு மட்டும் கட்டிலருகே கமோடு நாற்காலி போட்டுக்கொண்டால் பெரும்பகுதி ஆபத்து விலகும். தரையோரம் ஒரு சிறு இரவு விளக்கும் எரியட்டும்.

வீட்டுக்கு அனுப்பும் தேதி முடிவானவுடன், உங்கள் வீட்டின் உள்ளமைப்பை ஒரு தாளில் வரைந்து மறுவாழ்வுப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. கட்டில் எங்கே, கழிப்பறை எங்கே, இடையில் எத்தனை கதவுகள், ஒவ்வொன்றும் எப்பக்கம் திறக்கிறது, நுழையக் கிடைக்கும் அகலம் எவ்வளவு என்பவை இருந்தால் போதும். கைப்பேசியில் எடுத்த படங்களும் உதவும்.