பேகனியமும் துரூயிட் நெறியும்: சொல்லும் வாழ்வும்

‘பாகனுஸ்’ என்னும் இலத்தீன் சொல் முதலில் நாட்டுப்புறத்தாரைக் குறித்தது. கிறித்துவம் பரவிய பின்னர், அச்சமயம் சாராதாரைச் சுட்டும் இழிசொல்லாயிற்று. பழைய கிறித்துவத் தமிழ் நூல்கள் அத்தகையோரை ‘அஞ்ஞானிகள்’ என வழங்கின. இன்றோ பிரிட்டனில் பலர் அச்சொல்லையே தம் சமயப் பெயராக விரும்பி ஏற்றுள்ளனர்.

அவருள் ஒரு சாரார் துரூயிடுகள். பண்டைத் துரூயிடுகள் தம் போதனைகளை எழுத்தில் வடித்திலர் என்று ஜூலியஸ் சீசர் குறித்துள்ளார். ஆதலின் இன்றைய நெறி அறுபடாத மரபன்று. 18ஆம் நூற்றாண்டு முதல் புதிதாக உருவாக்கப்பட்டது.

அன்றாட வாழ்வில் இந்நெறி எளியது. விடியலில் கதிரவனை நோக்கிச் சற்று அமைதியாய் நிற்பர். ஒரே மரத்தின் பருவ மாற்றங்களை ஆண்டு முழுவதும் உற்றுநோக்குவர். ஞாயிற்றின் போக்கையும் பருவங்களையும் ஒட்டி எட்டு விழாக்கள் எடுப்பர். 2010இல் இங்கிலாந்து, வேல்ஸ் அறநிலைய ஆணையம் துரூயிட் அமைப்பொன்றைச் சமய அறநிறுவனமாக ஏற்றுக்கொண்டது.

எனவே இச்சொல்லைத் தமிழாக்கும் ஆசிரியரும் மாணவரும் இன்று ‘அஞ்ஞானி’ என்று எழுதுதல் தகாது. மயிலுக்குப் போர்வையளித்த வள்ளல் பேகனோடு மயங்காவண்ணம் ‘பேகனியம்’, ‘பேகனியர்’ எனலாம். பிறர் சமயத்தை அவர் ஏற்ற பெயராலேயே சுட்டுவது மொழி கற்பாரின் கடமையாகும்.