நினைவகம் தீரும் வேளையில்

நுழையும்முன்

கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பொருள் கையிருப்பைவிட மிகுந்துவிட்டால் என்ன செய்வது? வீட்டிற்கும் ஊருக்கும் எழும் இவ்வினா கணினிக்கும் எழுகிறது. அதற்குக் கணினி காணும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நாமக்கல் மாவட்டத்தின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், கொல்லிமலை மாணவர் கைகளுக்கும் கணினி வந்தது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ், பாஸ் என இரு இயக்க அமைப்புகள் இருந்தன. பாஸ் என்பது லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நினைவகப் பற்றாக்குறையை இவ்விரண்டும் வெவ்வேறு வகையில் எதிர்கொள்கின்றன.

வாக்கும் இருப்பும்

இயக்க அமைப்பின் மையப்பகுதி உட்கரு (கெர்னல்) எனப்படும். நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிடுவது அதன் பணிகளுள் ஒன்று. உட்கரு நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுத்து ஆள்கிறது. 2 கிகாபைட் நினைவகத்தில் இத்தகைய பக்கங்கள் 5,24,288 உள்ளன.

நிரல்கள் தமக்குத் தேவையானதைவிட மிகுதியாகக் கேட்பது வழக்கம். லினக்ஸ் உட்கரு பொதுவாக அதற்கு இசைகிறது. ஆயினும் நிரல் எழுதத் தொடங்கும்போதுதான் உண்மையான பக்கத்தை ஒதுக்குகிறது. கொல்லிமலைச் சிற்றூர் ஒன்றின் விதை வங்கியை எண்ணிப் பார்ப்போம். எல்லாரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்னும் துணிவில், இருப்பைவிட மிகுதியான சாமை விதைக்கு அவ்வங்கி வாக்களிப்பது போன்றது இது. விண்டோஸ் அவ்வாறு செய்வதில்லை. நினைவகத்தையும் வன்தட்டில் அதற்கெனக் குறித்த இடத்தையும் கூட்டி, அவ்வளவைத் தாண்டும் கோரிக்கையை முதலிலேயே மறுத்துவிடுகிறது.

பற்றாக்குறையின் படிகள்

லினக்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், உட்கரு படிப்படியாகச் செயல்படுகிறது. விரைவுக்காக நினைவகத்தில் வைத்திருந்த கோப்புப் படிகளை முதலில் விடுவிக்கிறது. நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை வன்தட்டுக்கு மாற்றுகிறது. வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. எனவே கணினி தடுமாறுகிறது. இந்நிலையிலும் உட்கரு சிறிதளவு நினைவகத்தைத் தன் அவசரத் தேவைக்கெனக் காத்து வைக்கிறது. விடுவிக்கும் வேலைக்கும் நினைவகம் வேண்டுமன்றோ? பஞ்சத்திலும் விதைத் தானியத்தில் கைவைக்காத உழவரின் முன்னறிவு இது.

இறுதி முடிவு

எல்லா வழியும் அடைபட்டபின், ஓஓஎம் கில்லர் என வல்லுநர் வழங்கும் உட்கருப் பகுதி செயல்படுகிறது. ஒவ்வொரு நிரலும் கொண்டுள்ள நினைவகத்தின் அளவைக் கொண்டு அது மதிப்பெண் இடுகிறது. மிகுந்த மதிப்பெண் பெற்ற நிரல் நிறுத்தப்படுகிறது. ஒன்றை இழந்து பலவற்றைக் காப்பதே நோக்கம். மதிப்பெண்ணை -1000 முதல் +1000 வரை திருத்தும் அளவுகோலும் உண்டு. -1000 எனக் குறிக்கப்பட்ட நிரலை உட்கரு தொடுவதில்லை.

நிறுத்தும் ஆணையை எந்த நிரலாலும் தடுக்க இயலாது. தன் வேலையைச் சேமிக்கவும் அதற்கு நேரம் கிடைக்காது. மாணவர் ஒருவர் சேமிக்காமல் எழுதிவந்த கட்டுரை அந்நொடியே மறையக்கூடும். நிரல் எவ்வளவு பெரிது என்பதை உட்கரு அறியும். அதனுள் இருப்பது எவ்வளவு அரிது என்பதை அறியாது. அதனை அறிந்தவர் கணினியின்முன் அமர்ந்திருப்பவரே. தேவையற்ற நிரல்களை மூடுவதும், எழுதியதை அவ்வப்போது சேமிப்பதும் அவர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

வாக்களிக்கும்போதே மறுப்பது, வாக்களித்தபின் ஒன்றை இழந்து பிறவற்றைக் காப்பது – இவ்விரு முறைகளின் நன்மை தீமைகளை வகுப்பில் கலந்துரையாடுக.