முதுகுத்தண்டு நீர் சொல்வதும் சொல்லாததும்



கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி, பச்சிளங்குழந்தையோடு வரும் தாய்மார் எங்களிடம் அதிகம் கேட்பது இதுதான்: "ஐயா, முதுகுல ஊசி போட்டா பிள்ளைக்குக் கால் விளங்காமப் போயிடுமா?" அப்படி ஆகாது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி செல்கிறது. எடுப்பது சில துளிகளே.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் அந்த நீர் தெளிவாயிருக்க வேண்டும். 32 வாரத்துக்கு முன்னரே பிறக்கும் குழந்தைக்கு மூளையின் உட்புற இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் அவை கசிந்து, இரத்தம் இந்த நீரில் கலக்கலாம்.

ஆனால் நீர் சிவந்திருந்தால் மூளையில் கசிவு என்று சொல்லிவிட முடியாது. ஊசியே சிறு குழாயைக் குத்தியிருக்கலாம். ஆகவே நீரை மூன்று குப்பிகளில் பிடிக்கிறார்கள். முதலாவது சிவந்து மூன்றாவது தெளிந்தால், பெரும்பாலும் ஊசியின் வேலை. பின்பு இயந்திரத்தில் சுழற்றுகிறார்கள். மேலே நிற்கும் நீர் மஞ்சளாயிருந்தால் இரத்தம் முன்னமே கசிந்து சிதைந்திருக்கலாம். இங்கேதான் சிக்கல்: மஞ்சள் காமாலை கண்ட குழந்தையின் நீரும் மஞ்சளாகும்; புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளில் காமாலையோ மிகச் சாதாரணம். அடிபட்ட மூளைச் செல்கள் வெளிவிடும் எஸ்100பி போன்ற புரதங்களை இந்த நீரில் அளந்து பார்க்கும் ஆராய்ச்சிகளும் நடந்துள்ளன. அவை இன்னும் அன்றாடச் சோதனையாகவில்லை.

1913இல் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் அம்மையாரும் இம்மலைக்கு வந்தபோது முதுகில் நீர் எடுக்கும் முறை உலகில் இருந்தது. ஜெர்மனியில் குவின்கே 1891இல் தொடங்கியது. தலைக்குள்ளே பார்க்கத்தான் வழியில்லை. இன்று குழந்தையின் உச்சிக்குழியில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தாலே கசிவு தெரிகிறது; ஊசி வேண்டாம், வலியுமில்லை. மூளைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால்தான் பெரும்பாலும் நீர் எடுக்கிறார்கள். கசிவு கண்ட பிள்ளைக்குப் பிறகு தலையில் நீர் தேங்கலாம் என்பதால், தலைச் சுற்றளவை நாடாவால் அடிக்கடி அளக்க வேண்டும்.

நிறைமாதப் பிள்ளைக்கும் மூளைக் கசிவு வருவதுண்டு. அதற்கு ஒரு காரணம் வைட்டமின் கே குறைவு. தாய்ப்பாலில் அது கொஞ்சமே உண்டு (தாயின் குற்றமல்ல, பால் கொடுப்பதை நிறுத்தவும் கூடாது). பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி போட்டால் போதும். வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இது தவறிப்போகிறது. சில வாரங்கள் கழித்து வலிப்போடு தூக்கி வருவார்கள். "பிள்ளை எங்கே பிறந்தது?" என்று நாங்கள் முதலில் கேட்பது அதனால்தான்.