திறந்த தளமும் மூடிய தளமும்: திறன்பேசித் தேர்வு குறித்து ஒரு விளக்கம்

மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிந்தோர்க்குத் திறன்பேசியின் உள்ளமைப்பை விளக்குதல் எளிது. நூல் ஓரிடத்தில் வாங்கப்பெறுகிறது; நிட்டிங் வேறோரிடம்; டையிங்கும் காம்பாக்டிங்கும் மற்றோரிடம். கட்டிங் ஆன துணி பவர்டேபிள்காரரிடம் தையலுக்குச் சென்று, செக்கிங்கும் அயனிங்கும் கண்டு பெட்டிக்குள் போகின்றது. படிதோறும் வேறு கை, வேறு கூலி. ஜாப் ஒர்க் எனும் இம்முறையாலன்றோ சிறுமுதல் உடையோரும் இத்தொழிலில் கால் ஊன்ற இயன்றது! இதற்கு மாறாக, அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்தும் பெரிய ஆலைகளும் நம் வட்டாரத்தில் உண்டு. அங்குத் தரம் ஒருசீராக அமையும். வெளியார் கைக்கு அங்கு வேலையில்லை.

திறன்பேசி உலகிலும் இவ்விரு முறைகளே நிலவுகின்றன. 2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐபோன் இரண்டாம் வகையினது. கருவியின் வடிவமைப்பு, அதனை இயக்கும் ஐ.ஓ.எஸ். என்னும் இயங்குதளம், 2008இல் திறக்கப்பெற்ற செயலி அங்காடி ஆகிய மூன்றும் ஆப்பிள் என்னும் ஒரே நிறுவனத்தின் பிடியில் உள்ளன. இதனை மூடிய தளம் என்பர். 2007 நவம்பரில் கூகுள் பல நிறுவனங்களோடு கூடி அறிவித்த ஆண்ட்ராய்டு முதல் வகையினது. அதன் அடிப்படை மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், தம் கருவியில் பொருத்தலாம். இதனைத் திறந்த தளம் என்பர்.

ஆயின் திறந்தது என்னும் சொல்லை முழுமையாக நம்பிவிடுதல் கூடாது என்பது எம் கருத்து. ஏற்றுமதி ஆர்டர் தரும் வெளிநாட்டார், “லேபிளையும் ஜிப்பையும் நாங்கள் சொல்லும் இடத்தில்தான் வாங்க வேண்டும்” என்று நாமினேஷன் விதிப்பதை நம் ஊரார் அறிவர். ஆண்ட்ராய்டிலும் அஃதே நடந்தது. மூலநிரல் இலவசம், பிளே ஸ்டோர் வேண்டுமெனில் கூகுளின் தேடுபொறி, உலாவி முதலியவற்றையும் சேர்த்தே கருவியில் இட வேண்டும் என்பது ஒப்பந்தம். பிளே ஸ்டோர் இல்லாத கைப்பேசியை நம் கடைவீதியில் யார் வாங்குவர்? இந்தியப் போட்டி ஆணையம் இதனை ஆராய்ந்து, 2022 அக்டோபர் 20ஆம் நாள் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை தர மறுத்தது. அதன்பின் இந்தியாவில் தன் செயலிகளைத் தனித்தனியே உரிமம் பெற்றுக்கொள்ளக் கூகுள் இசைந்தது.

இவ்வழக்கெல்லாம் பெருநிறுவனங்களின் சண்டை. நமக்கென்ன என்று எண்ணுவோர் 2024 மார்ச் முதல் நாளை நினைவு கூர்தல் வேண்டும். சேவைக் கட்டணம் பற்றிய பிணக்கில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி நிறுவனத்தின் செயலிகளைக் கூகுள் தன் அங்காடியிலிருந்து நீக்கியது. பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி ஆகியன அவற்றுள் அடங்கும். மைய அரசு தலையிட்ட பின்னர்ச் சில நாள்களில் அவை மீண்டன. வரன் தேடும் பெற்றோர்க்கும் அமெரிக்க நிறுவனமொன்றின் கட்டண விதிக்கும் இத்துணை நெருங்கிய தொடர்பு உண்டென்பது அன்றுதான் பலர்க்கும் புலனாயிற்று.

இங்கே இரு தளங்களின் வேற்றுமையை நுணுகி நோக்குதல் தகும். ஆண்ட்ராய்டில் அங்காடி மூடப்பட்டாலும் பக்கவாசல் ஒன்று உண்டு. செயலியை ஏபிகே கோப்பாக நேரே நிறுவலாம், வேறு அங்காடியையும் நாடலாம். போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் இந்தஸ் என்னும் இந்திய அங்காடியைத் தொடங்கியது இத்திறப்பினால் இயன்றது. ஐபோனில் அவ்வாசல் இல்லை. 2021 அக்டோபரில் சீன அதிகாரிகளின் வேண்டுகோளின்பேரில் ‘குர்ஆன் மஜீத்’ என்னும் செயலியை ஆப்பிள் தன் சீன அங்காடியிலிருந்து நீக்கியபோது, அந்நாட்டு ஐபோன் பயனர்க்கு அதனைப் புதிதாக நிறுவ வேறு அங்காடி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், புதிய சட்டத்தின் விளைவாக, 2024 மார்ச் முதல் பிற அங்காடிகளுக்கு ஆப்பிள் இடமளித்தது.

பக்கவாசல் வழியே நண்பர் மட்டுமா நுழைவர்? 2024இல் திருமண அழைப்பிதழ் என்னும் பெயரில் வாட்ஸ்அப் வழியே ஏபிகே கோப்பை அனுப்பி, நிறுவியோரின் வங்கிப் பணத்தைக் கவரும் மோசடி நாட்டின் பல பகுதிகளில் பரவியது. இவ்வகை ஏமாற்று ஐபோனில் எளிதன்று. அதற்காக மூடிய தளம் கோட்டையென்றும் கொள்ளற்க. 2021இல் வெளிவந்த பெகாசஸ் விவகாரத்தில் ஐபோன்களும் ஊடுருவப்பட்டன. கூகுளும் தன் வாசலைச் சற்றே ஒருக்களிக்கத் தொடங்கியுள்ளது. அடையாளம் உறுதிசெய்யப்பட்டோர் ஆக்கிய செயலிகளையே தன் சான்று பெற்ற கருவிகளில் நிறுவ இயலும் என்னும் விதியைப் படிப்படியாகக் கொணரவிருப்பதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது.

தமிழ்த் துறையினராகிய நாம் இன்னொன்றையும் கருத வேண்டும். முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இலேயே கைப்பேசிக்குத் தமிழ் உள்ளீட்டைத் தந்தது. ஆண்ட்ராய்டில் 2009 முதலே வெளியார் ஆக்கிய விசைப்பலகைகளுக்கு இடமிருந்தது. ஆனால் அதன் தொடக்கப் பதிப்புகளில் தமிழெழுத்துகள் கட்டங்கட்டமாகவே தோன்றின! ஐபோனிலோ தமிழ் விசைப்பலகை 2013இல் ஐ.ஓ.எஸ். 7 உடன் வந்தது. வெளியார் விசைப்பலகைக்கு 2014இல்தான் இசைவு கிடைத்தது. உரிமையாளன் மனம் வைத்தால் நிறைவாகச் செய்வான். வைக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். திறந்த தளத்திலோ தொண்டு மனத்தினர் எவரும் தொடங்கிவிடலாம். முழுமை பெறச் சிறிது காலம் ஆகும்.

இனித் தேர்வு. சம்பளப் பணத்தில் கைப்பேசி வாங்கும் தையல் தொழிலாளிக்கும், கல்லூரி மாணவர்க்கும் ஆண்ட்ராய்டே ஏற்றது என்போம். விலை மட்டும் காரணமன்று. உடைந்தால் பழுது நீக்கவும், பிறிதொரு நிறுவனத்தின் கருவிக்கு மாறவும் வழி உண்டு. ஆயின் வாங்குமுன் கடைக்காரரிடம் கேமராவின் அளவைக் கேட்பதினும், பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டல் நன்று. 2023 முதல் உயர்விலைக் கருவிகள் சிலவற்றுக்கு ஏழாண்டு வரை உறுதி தரப்படுகிறது. மலிவுக் கருவிகள் பலவற்றுக்கு அதிற் பாதியும் இல்லை. அயல்நாட்டு பையரின் டிசைன்களையும் விலைப்பட்டியலையும் கைப்பேசியில் வைத்திருக்கும் மெர்ச்சன்டைசர்க்கு ஐபோன் பொருந்தலாம். அவர்க்குப் பக்கவாசல் இல்லாமையே நன்மை. பெருமைக்காகத் தவணையில் ஐபோன் வாங்குவோரைப் பற்றி யாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இரண்டும் வேண்டா என்பார்க்கு மூன்றாம் வழியும் முயலப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அறக்கட்டளையில் வளர்ந்த நிறுவனமொன்று 2023 ஜனவரியில் பரோஸ் என்னும் தளத்தை அறிமுகம் செய்தது. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் அதில் இல்லை. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலின்மீது எழுப்பப்பட்டதே.

எத்தளத்தைத் தேர்ந்தாலும் எழுத்துகளை ஒருங்குறியிலேயே சேமித்தல் வேண்டும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த கோப்புகள் இன்றும் பலரிடம் உறங்குகின்றன. அவற்றை ஆண்ட்ராய்டில் திறந்தாலும் ஐபோனில் திறந்தாலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே காட்சி தரும். மாற்றித் தரும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளை மட்டும் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துக்கொள்ள வேண்டும்.