சீரியல் பெண்ணின் காலப்பயணம்

“இது நம்ம சீரியல் பொண்ணுதானே?” ‘டைம் என்ன பாஸ்’ பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார். சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்தவர். சீரியல் முகங்களை மறக்கவே மாட்டார்.

ஆமாம், பிரியா பவானி சங்கர்தான். புதிய தலைமுறையில் செய்தி வாசித்தவர், 2014இல் விஜய் டிவியின் ‘கல்யாணம் முதல் காதல் வரை’ மூலம் வீட்டுப் பெண்ணானார். சீரியல் முகம் சினிமாவில் எடுபடாது என்பார்கள். 2017இல் ‘மேயாத மான்’ வந்தது. அந்தப் பேச்சு அடங்கியது.

2020இல் அமேசான் பிரைம் வீடியோவில் இந்த அறிவியல் புனைவுத் தொடர். வெவ்வேறு காலத்து மனிதர்கள் சென்னையில் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். காலப்பயணத்தையும் அடுக்களைப் பேச்சுபோல இயல்பாகப் பேசினால்தான் நம்புவோம். பிரியாவுக்கு அது வருகிறது. தினமும் பக்கம் பக்கமாக வசனம் பேசிய சீரியல் பழக்கம் என்பேன். மைக் முன்னால் பிழைக்கும் எனக்கு அந்த உழைப்பு புரியும்.

அம்மாவுக்குக் காலப்பயணம் புரியவில்லை. அடுத்த பாகத்தைப் போடச் சொன்னார்.