மலைநாட்டுக்கு மூட்டை கட்டும்போது

எமது கிராமங்களில் மாதர் சங்கங்கள் சுற்றுலாப் போவது இப்போது புதிய விடயமல்ல. சந்தாப் பணத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தி, கண்டி, நுவரெலியா என்று இரண்டு நாள் போய்வருகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடு வேலை செய்பவள் என்ற முறையில் இப்படியான பயணங்கள் சிலவற்றில் நானும் கூடச் சென்றிருக்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது கொண்டுபோகும் பையைப் பற்றி.

ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூன்று பேர் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. இரவிரவாகப் பயணம் செய்து, சேர்த்த காசையும் கட்டி வந்தவர்கள், கிறகறி வாவிக்கரையில் மற்றவர்கள் நடக்கும்போது யன்னலை இறுக மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள். கேட்டால் "குளிருது மிஸ், நீங்கள் போட்டு வாங்கோ" என்பார்கள். உடுப்பு இல்லை, அல்லது நனைந்துவிட்டது, அல்லது காலில் உளைவு. இவை எல்லாம் வீட்டில் பை கட்டும்போதே தீர்த்திருக்கக் கூடியவை.

மூட்டை கட்டுவதில் எமது பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லைதான். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் எத்தனை தடவை கட்டினோம், எத்தனை தடவை அவிழ்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை. அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை, ஒரு சட்டி, கொஞ்சம் அரிசி. உரப்பையில் எது முதலில் போக வேண்டும் என்று கைக்கே தெரியும். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. இரண்டு நாள் சுற்றுலாவுக்கும் உறுதியின் மூலப்பிரதியைக் கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். "வீட்டில வைச்சிட்டு வர மனம் கேக்குதில்லை மிஸ்" என்று ஒரு அக்கா சொன்னார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஆனால் மலைநாடு ஈரமான இடம். பையின் அடியில் ஊறிய தண்ணீர் உறுதியின் மையைக் கரைத்தால் பிறகு எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மூலப்பிரதியை நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போட்டோப் பிரதியைக் கொண்டு வரலாம். பயணத்துக்குத் தேவையானது அடையாள அட்டை மட்டும்தான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் அல்லது கணவரின் படத்தைக் கொண்டு வருபவர்களுக்கு, அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு பிரதி எடுத்து லமினேற் செய்து அதைக் கொண்டு வாருங்கள். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் அது வீட்டில் இருக்கட்டும்.

இனிக் குளிர். ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே எங்கள் ஊர் வெயிலிலிருந்து குறைந்தது 11 பாகையைக் கழித்துக்கொள்ளுங்கள். தை, மாசி மாத விடியற்காலைகளில் சில நாட்கள் புல்லின் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அதே நாளில் மதிய வெயில் முகத்தைச் சுடும். ஒரு மணித்தியாலத்தில் மூடுபனி இறங்கும், மழை தூறும், மீண்டும் வெளிக்கும். ஆவணியில் எமக்கு வரண்ட சோளகமாக வீசுகிற அதே தென்மேற்குக் காற்றுத்தான் மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வருகிறது. இங்கே புழுதி பறக்கிறது என்று நம்பி வெறுங்கையோடு போகக் கூடாது.

இதற்கு எமது பெண்கள் வழமையாகச் செய்வது, கனடாவில் இருந்து வந்த உறவினர் விட்டுச்சென்ற பெரிய ஜக்கெற்றை இரவல் வாங்குவது. அது பாதிப் பையை அடைத்துவிடும், நனைந்தால் இரண்டு நாளும் காயாது. போன முறை எங்களோடு வந்த ஒரு அம்மா தோட்டத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து குடியேறியவர்களில் ஒருவர். அவரிடம் ஜக்கெற் எதுவும் இருக்கவில்லை. பருத்திச் சட்டை, அதன்மேல் நீளக்கைச் சட்டை, அதன்மேல் பழைய சுவெற்றர், தலையைச் சுற்றி ஒரு துவாய். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் கட்டினார், பனி இறங்கினால் திரும்பப் போட்டார். கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையில் கொங்காணியும் இடுப்பில் படங்கும் கட்டிக்கொண்டு மழைக்குள் நிற்பதைக் காட்டி, "எங்க அம்மாவும் இப்புடித்தான் நிப்பாங்க. தலையும் இடுப்பும் நனையலன்னா ஒடம்பு தாங்கும்" என்றார். உடுப்புகளுக்கு இடையில் தங்கும் காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் அதை வாழ்ந்து அறிந்திருந்தார்.

எனவே மெல்லிய உடுப்புகள் மூன்று நான்கு. சேலையை விடச் சுடிதார் வசதி, நனைந்த சேலைக்கரை நாள் முழுக்கக் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும். குடையைக் காற்று மடக்கிவிடும், மலிவான மழை அங்கி ஒன்று போதும். பாட்டா செருப்பு வழுக்கும். பிள்ளைகளின் பழைய பாடசாலைச் சப்பாத்து அளவாக இருந்தால் அதுவே நல்லது. சொக்ஸ் மட்டும் கூடுதலாக எடுங்கள். மாதவிடாய்த் துணி அந்த ஈரத்தில் காயாது, ஆகவே இரண்டு நாளைக்குப் பாட் வைத்துக்கொள்ளுங்கள். திகதி வராவிட்டாலும் வையுங்கள், பயண அலைச்சலில் முந்தி வருவதுண்டு.

செயற்கைக் கால் பாவிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் பஸ்ஸில் இருந்தால் எஞ்சிய கால் வீங்கிப் பொருத்தம் இறுகும். நனைந்த உறையோடு நடந்தால் தோல் உரசிப் புண்ணாகும், அந்தப் புண் ஆறும்வரை ஊரிலும் காலைப் போட முடியாது. காலுக்குப் போடும் துணி உறை நாலைந்து, ஒரு சிறு துவாய், ஊன்றுகோல் ஆகியவை கையில் வைத்திருக்கும் பையில் இருக்கட்டும், பஸ்ஸின் அடியில் அல்ல. உடம்பில் செல் துண்டு உள்ளவர்களுக்குக் குளிரில் உளைவு கூடுவதாக அவர்களே சொல்கிறார்கள். இரவில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் சுகமாக இருக்கும். மரத்துப்போன இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம், சுடுவது தெரியாது. பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளை ஒரு நாளைக்குக் கூடுதலாகவே எடுங்கள், கிளினிக் கொப்பியையும் மறவாதீர்கள். முட்டு உள்ளவர்கள் பம்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது, குளிர்காற்று பட்டதும் இழுக்கத் தொடங்கலாம்.

கம்பளையைத் தாண்டினால் வளைவுகள் தொடங்கும். வயிறு குமட்டும். தேசிக்காய், இஞ்சி, சில பைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஹோட்டன் சமவெளிக்குப் போவதானால் வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள். விடியவே போக வேண்டும், பத்து மணிக்குள் உலக முடிவை முகில் மூடிவிடும். அட்டை கடித்தால் பிடுங்காமல் உப்புப் போட்டால் விழும்.

புறப்படுவதற்கு முதல்நாள் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று 117 இலக்கத்தில் கேளுங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களே புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகமெங்கும் சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. எச்சரிக்கை இருந்தால், கட்டிய பையை அவிழ்த்து வைத்துவிட்டு வேறு திகதி பாருங்கள். பஸ்காரருக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் போகட்டும்.

கடைசியாக ஒன்று. பையில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். திரும்பும் வழியில் லீக்ஸ், கரட், கோவா வாங்காமல் யாரும் வருவதில்லை. அவற்றைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் தம்புள்ளை தாண்டும்போதே வியர்த்துப் பழுதாகிவிடும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, நனைந்த உடுப்புகளோடு சேராமல் மேலே வையுங்கள்.