அணுக்கருச் சுழற்சிப் பட்டை

அணுக்கருச் சுழற்சிப் பட்டை என்பது, உருண்டை வடிவிலிருந்து விலகி நீண்டிருக்கும் அணுக்கரு ஒன்று சுழலும்போது பெறும் ஆற்றல் நிலைகளின் ஒழுங்கான வரிசை ஆகும். இந்நிலைகளிலிருந்து வெளிப்படும் காம்மாக் கதிர்களை அளந்து, அணுக்கருவின் வடிவத்தையும் அதனுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இயங்கும் முறையையும் அறியலாம். வேகமாகச் சுழலும் அணுக்கரு நொடிக்கு ஏறத்தாழ நூறு கோடி கோடியின் பத்தாயிரம் மடங்கு, அதாவது 10^20 என்ற அளவிலான முறை, சுழலக்கூடும்.

பட்டையின் அமைப்பு

முழு உருண்டையான அணுக்கரு எப்பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே குவாண்டம் இயக்கவியலின்படி அதற்குக் கூட்டுச் சுழற்சி இல்லை. நீண்ட அணுக்கருவுக்கு அது உண்டு. இரட்டைப்படை எண்ணிக்கையில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கொண்ட அணுக்கருவில் கோண உந்த எண்கள் 0, 2, 4, 6 என உயரும். ஆற்றல், கோண உந்த எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி வரும் மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதன்படி 4 ஆம் நிலையின் ஆற்றல் 2 ஆம் நிலையினதைப் போல் 20/6, அதாவது 3.33 மடங்கு ஆகும். டிஸ்ப்ரோசியம்-160 இல் இவ்விரு நிலைகளின் ஆற்றல்கள் முறையே 87, 284 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு ஆகும், விகிதம் 3.27. அணுக்கருவின் வடிவத்துக்கும் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கியமைக்காக ஆகே போர், பென் மொட்டல்சன், ஜேம்ஸ் ரெயின்வாட்டர் ஆகியோர் 1975 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

பின்வளைவு

கோண உந்தம் கூடக்கூடக் காம்மாக் கதிரின் ஆற்றலும் கூடவேண்டும். ஆனால் 1971 இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே ஜான்சன், ஹான்ஸ் ரைட் முதலியோர், டிஸ்ப்ரோசியம்-160 இல் ஒரு கட்டத்துக்குமேல் அது குறைவதைக் கண்டனர். வரைபடத்தில் கோடு பின்னோக்கித் திரும்புவதால் இது பின்வளைவு எனப்படுகிறது.

இதற்கான விளக்கத்தை 1972 இல் பிராங்க் ஸ்டீபன்ஸ், சைமன் ஆகியோர் அளித்தனர். அணுக்கருவில் துகள்கள் இணை இணையாக அமைந்து, ஒன்றன் கோண உந்தத்தை மற்றொன்று ஈடுசெய்கின்றது. வங்கக் கடலில் புயற்காற்றைச் சுழலச் செய்யும் கொரியோலிஸ் விளைவு இங்கும் உண்டு. அது சுழற்சி மிகும்போது ஓர் இணையைப் பிரித்து, இரு துகள்களின் கோண உந்தங்களையும் சுழற்சி அச்சின் பக்கம் திருப்புகிறது. தேவையான கோண உந்தத்தில் பெரும்பகுதியை அவ்விரு துகள்களே தருவதால் கூட்டுச் சுழற்சியின் வேகம் தணிகிறது.

புரோட்டான் ஆர்பிட்டால்களின் பங்கு

கோண உந்தம் மிகுந்த ஆர்பிட்டாலில் உள்ள துகள்களை இவ்விளைவு எளிதில் பிரிக்கும். எச் 11/2 ஆர்பிட்டாலில் உள்ள இரு புரோட்டான்கள் அச்சோடு ஒருங்கமைந்தால் 11/2 + 9/2 = 10 அலகு கோண உந்தம் கிடைக்கும். எர்பியம்-158 இல் முதல் பின்வளைவு நியூட்ரான்களால் நிகழ்கிறது. 28 அலகு அளவில் தோன்றும் இரண்டாவதற்கு இப்புரோட்டான்களே காரணம்.

பிரிந்தது எந்த இணை என்பதை அறிய ஒரு வழி உள்ளது. அண்டைத் தனிமத்தில் அதே ஆர்பிட்டாலில் தனிப் புரோட்டான் ஒன்று முன்பே இருக்குமானால், அங்கு அந்த இணை பிரிவது தடுக்கப்படும். அப்போது பின்வளைவு மறைந்தாலோ தள்ளிப்போனாலோ, புரோட்டான்களே காரணம் என்பது உறுதியாகும். பேரியம் (56), சீரியம் (58) ஆகியவற்றை லாந்தனத்துடன் (57) ஒப்பிடுவது இதற்கு எடுத்துக்காட்டு.

இந்தியாவில் ஆய்வுகள்

மும்பை, புது தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களின் துகள் முடுக்கிகளில் இவ்வாய்வுகள் நடைபெறுகின்றன. முடுக்கப்பட்ட அயனிகள் மெல்லிய இலக்கில் மோதி, அங்குள்ள அணுக்கருக்களுடன் இணைகின்றன. உருவாகும் அணுக்கரு சில துகள்களை உமிழ்ந்தபின், வேகமாகச் சுழன்றவாறே காம்மாக் கதிர்களை வரிசையாக வெளியிடுகிறது. இவற்றை அளக்கும் இந்திய தேசியக் காம்மா அணிவரிசை, பல நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கூட்டாக நடத்துவது. இதன் ஒவ்வொரு குளோவர் உணர்கருவியிலும் நான்கு செர்மானியப் படிகங்கள் உள்ளன. ஒரே நேரத்தில் பதிவாகும் கதிர்களைச் சேர்த்துப் பார்த்து, எக்கதிர் எப்பட்டையைச் சேர்ந்தது என வரிசைப்படுத்துவர். ஆர்பிட்டால்களைப் பற்றிய முடிவுகள் யாவும் இவ்வரிசை சரியாக அமைவதைப் பொறுத்தவை.